தேயிலைக்கும் சிக்கு மரத்துக்கும் என்ன உறவு? எரிக்கேல்ஸ் வரிசையைப் பற்றி ஒரு விளக்கம்

மலேசியாவின் தாப்பாவில் ஆறாம் படிவத்தில் உயிரியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இதுதான்: தேயிலை, சிக்கு (சப்போட்டா), காசித்தும்பை, கோயில் வாசலில் நிற்கும் நாகலிங்கம் ஆகிய நான்கும், ஐரோப்பியக் குன்றுகளில் பூக்கும் ஹெதர் செடியின் பெயரால் வழங்கும் எரிக்கேல்ஸ் என்னும் ஒரே வரிசையை (பல குடும்பங்களைத் தொகுக்கும் பிரிவை)ச் சேர்ந்தவை என்று பாடத்தில் வருகிறது, இவற்றின் பூவிலும் காயிலும் வளர்ச்சியிலும் எந்த ஒற்றுமையும் தெரியவில்லையே, எதை வைத்து ஒன்றாகச் சேர்த்தார்கள்? அந்த வரிசையில் வேறு என்னென்ன இருக்கின்றன? இரண்டு நூல்களில் உள்ள, உறவைக் காட்டும் கிளைப்படங்கள் ஏன் ஒன்றுபோல் இல்லை?

ஒற்றுமை தெரியவில்லை என்று நீங்கள் சொல்வது சரியான கவனிப்பு. எரிக்கேல்ஸ் வரிசையைக் கண்ணால் பார்த்து அடையாளம் காண முடியாது. அவரைக் குடும்பத்தை அதன் காயைக் கொண்டும், புதினா, துளசி சேர்ந்த குடும்பத்தை அதன் சதுரத் தண்டையும் உதடு பிரிந்த பூவையும் கொண்டும் வயலில் நின்றபடியே சொல்லிவிடலாம். இந்த வரிசைக்கு அப்படிப்பட்ட பொது முகம் கிடையாது. இதில் உள்ள செடிகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டதற்குக் காரணம் அவை ஒன்றுபோல் இருப்பது அல்ல. அவை ஒரே மூதாதையிலிருந்து வந்தவை என்பதை அவற்றின் மரபணுக்கள் காட்டியதுதான். இன்று நடைமுறையில் உள்ள, பூக்கும் தாவரங்களின் உறவை ஆராயும் தாவரவியலார் குழுவின் ஏபிஜி வகைப்பாட்டின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு இவ்வரிசையில் 22 குடும்பங்களை வைக்கிறது. அவற்றில் ஏறத்தாழ 12,000 இனங்கள் அடங்கும்.

எரிக்கேல்ஸ் என்ற பெயர் புதிதன்று. 1820இலேயே பெர்க்டோல்ட், பிரெசல் என்ற இருவர் அதை வெளியிட்டார்கள். ஆனால் அண்மைக்காலம் வரை அந்தப் பெயர் ஹெதரையும் அதன் மிக நெருங்கிய உறவுகளையும் மட்டுமே குறித்தது. 1981இல் அமெரிக்கத் தாவரவியலார் கிரான்குவிஸ்ட் வெளியிட்ட, பல்கலைக்கழகங்களில் நீண்டகாலம் செல்வாக்குப் பெற்றிருந்த வகைப்பாட்டில், தேயிலை ஒரு தனி வரிசைக்குத் தலைமை தாங்கியது; சிக்குவும் கருங்காலியும் சாம்பிராணி மரமும் இன்னொரு வரிசையில் இருந்தன; நாகலிங்கத்தின் குடும்பத்துக்கு வேறொரு வரிசை இருந்தது; பிரிமுலாவின் குடும்பத்துக்கும் அப்படியே. காசித்தும்பையோ இவற்றுக்குத் தொலைவில், ஜெரேனியத்தோடு வைக்கப்பட்டிருந்தது. பூவின் இதழ்கள் தனித்தனியா, இணைந்தவையா, மகரந்தத் தாள்கள் எத்தனை, சூலகத்தில் விதைகள் எங்கே ஒட்டியிருக்கின்றன என்பவற்றை எடைபோட்டுச் செய்யப்பட்ட பிரிவு அது. அக்காலத்துக்கு அது நேர்மையான உழைப்பு. அதை எள்ளி நகையாட நான் உடன்படமாட்டேன். பூவின் வடிவம் தேவைக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கக்கூடியது என்பதால், அதையே உறவுக்குச் சான்றாகக் கொண்டபோது சில இடங்களில் தவறு நேர்ந்தது, அவ்வளவுதான்.

1993இல் 42 ஆய்வாளர்கள் சேர்ந்து, ஏறத்தாழ ஐந்நூறு விதைத்தாவரங்களில் ஆர்பிசிஎல் என்னும் ஒரே மரபணுவை ஒப்பிட்டு ஒரு பெரிய கிளைப்படம் வரைந்தார்கள். ஒளிச்சேர்க்கையில் காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துவைக்கும் புரதத்தின் ஒரு பகுதியை உண்டாக்கும் மரபணு அது. பசுங்கணிகத்தில் இருப்பதால் எல்லாப் பச்சைத் தாவரத்திலும் கிடைக்கும். அந்தப் படத்திலும் அதைத் தொடர்ந்து வந்த ஆய்வுகளிலும் பல வரிசைகளில் சிதறிக் கிடந்த இந்தக் குடும்பங்கள் ஒரே கொத்தாகத் திரண்டன. 1998இல் வந்த முதல் ஏபிஜி வகைப்பாடு அந்தக் கொத்து முழுமைக்கும் எரிக்கேல்ஸ் என்ற பழைய பெயரை விரித்துச் சூட்டியது. 2003, 2009, 2016 ஆகிய ஆண்டுகளில் வந்த திருத்தங்களில் குடும்பங்களின் எல்லைகள் மாறினவே தவிர, கொத்து கலையவில்லை.

இந்தக் கொத்து பூக்கும் தாவரங்களின் பெருமரத்தில் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் புரிந்துகொண்டால் நல்லது. இருவித்திலைத் தாவரங்களில் ஆஸ்டெரிட்கள் என்றும் ரோசிட்கள் என்றும் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. எரிக்கேல்ஸ் ஆஸ்டெரிட்களில் சேர்ந்தது. அந்தப் பிரிவின் அடிப்பகுதியிலேயே கிளைத்துவிட்ட பழைய கிளை. காப்பி, கத்தரி, மிளகாய், துளசி, மல்லிகை, சூரியகாந்தி யாவும் ஆஸ்டெரிட்கள். கித்தா (ரப்பர்) மரம், ரம்புத்தான், டுரியான், ஜம்பு ஆகியவை ரோசிட்கள். ஆகவே மலையில் வளரும் தேயிலைக்கு, தோட்டத்தில் நாம் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய கித்தாவைவிட, வீட்டுக்குப் பின்னால் காய்க்கும் கத்தரிதான் நெருங்கிய உறவு.

பொது அடையாளம் ஏன் இல்லை என்பதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. இவ்வரிசையின் பெருங்கிளைகள் ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் வாழ்ந்த காலத்திலேயே, ஒன்றுக்கொன்று மிகக் குறுகிய இடைவெளியில் பிரிந்துவிட்டன. அமெரிக்காவின் நியூஜெர்சியில் கிடைத்த, ஹெதர் குடும்பத்துக்கு நெருக்கமான பூவின் புதைபடிவம் ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டுகள் பழமையானது என்றால், பிரிவு அதற்கும் முன்பே நடந்துவிட்டது என்பது விளங்கும். தோட்டம் துண்டாடப்பட்டபோது ஒரே லயத்திலிருந்து ஒரே வாரத்தில் வெவ்வேறு ஊர்களுக்குப் போய்விட்ட குடும்பங்களைப் போல, சேர்ந்திருந்த காலம் குறைவு, பிரிந்து வாழ்ந்த காலம் அதிகம்; அதனால் எல்லாரிடமும் எஞ்சிய பொது அடையாளம் சொற்பம். இலை விளிம்பின் பற்கள் ஒவ்வொன்றிலும் ஒரே நரம்பு ஓடி, கருத்த சிறு முனையில் முடிவதும், எல்லாஜிக் அமிலம் காணப்படுவதும் பல குடும்பங்களில் உண்டு. ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. முதிர்ந்த தேயிலை ஒன்றை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் அந்தக் கருமுனைகள் தெரியும்.

ஆகவே வரிசையைத் தேடாமல் குடும்பங்களைத் தேடுவதே வயலில் பயன்படும் வழி. நம் ஊர்ப்பக்கம் அதற்கு வசதியானது; தாழ்நிலத் தோட்டங்களும், ரிங்லெட் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறும் சாலையும் ஒரே இடத்தில் தொடங்குவதால், இந்த 22 குடும்பங்களில் பலவற்றின் பிரதிநிதிகளை ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

சிக்குவிலிருந்து தொடங்கலாம். மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளில் தோன்றி, ஸ்பானியர் வழியாகப் பிலிப்பைன்ஸ் வந்து, அங்கிருந்து இந்த வட்டாரமெங்கும் பரவிய மரம் அது. அதன் சப்போட்டேசியே குடும்பத்தைக் கண்டுபிடிக்க மூன்று தடயங்கள் உண்டு: காயத்தில் வடியும் வெண்பால், இலையின் அடிப்புறத்தில் பெரும்பாலும் காணப்படும் செம்பழுப்பு நிற மயிர், எல்லாவற்றுக்கும் மேலாக விதை. சிக்கு விதை கருத்து மினுமினுக்கும். அதன் ஓரத்தில் மட்டும் வெளிறிய நீண்ட தழும்பு இருக்கும். கோயில் வளாகத்தில் மகிழ மரம் இருந்தால், மலாய்க்காரர்கள் பூங்கா தஞ்சோங் என்று அழைக்கும் அதே மரம், அதன் பழத்தைப் பிளந்து விதையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மினுமினுப்பும் தழும்பும் அதிலும் இருக்கும். தழும்பின் இடமும் அளவும் மட்டும் வேறுபடும். திருவொற்றியூரில் சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தது இந்த மகிழின் அடியில்தான் என்பது பெரியபுராணக் கதை. ஆலை இல்லாத ஊருக்குச் சர்க்கரையாகப் பழமொழியில் இடம்பெற்ற இலுப்பையும் இதே குடும்பம். ஆப்பிரிக்காவின் ஷியா வெண்ணெய், மொராக்கோவின் ஆர்கன் எண்ணெய், தின்றபின் புளிப்பை இனிப்பாக உணரவைக்கும் அதிசயப் பழம் ஆகியவையும் அப்படியே.

இந்தக் குடும்பத்தில் மலாயாவுக்கென்று ஒரு வரலாறு உண்டு; அதைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. நம் காடுகளில் வளரும் கெத்தா தாபான் மரத்தின் பால், வெந்நீரில் இளகி, ஆறியதும் இறுகிக் கெட்டியாகும் பொருள். உலகம் அதைக் கட்டாபெர்ச்சா என்று அறிந்தது. மலாய்க்காரர்கள் அதைப் பாராங் என்னும் வெட்டுக்கத்தியின் கைப்பிடிக்குப் பயன்படுத்துவதைக் கண்ட சிங்கப்பூர் மருத்துவர் மாண்ட்கோமரி 1843இல் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். கடல்நீரில் கெடாமல் மின்சாரத்தைத் தடுக்கும் தன்மை அதற்கு இருந்ததால், 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் போடப்பட்ட தந்திக் கம்பிக்கும், 1866இல் அட்லாண்டிக்கைக் கடந்து நிலைத்து நின்ற கம்பிக்கும் அதுவே உறையாயிற்று. கித்தாவைப் போல வெட்டு வாயில் பால் தொடர்ந்து ஒழுகாது என்பதால் மரத்தையே வீழ்த்திப் பால் எடுத்தார்கள். நூற்றாண்டு முடிவதற்குள் வளர்ந்த மரங்கள் காட்டில் அரிதாகிவிட்டன. வேதியியலில் கித்தாவும் இதுவும் ஒரே ஐசோப்ரீன் அலகுகளைக் கோத்த சங்கிலிகள்தாம். கித்தாவில் அந்தக் கோப்பு சிஸ் அமைப்பில் இருப்பதால் இழுபடுகிறது, கட்டாபெர்ச்சாவில் டிரான்ஸ் அமைப்பில் இருப்பதால் விறைக்கிறது. பல் மருத்துவர்கள் வேர்க்குழாயை அடைக்க இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். சிக்கு மரத்தின் பாலில் இரண்டு அமைப்புகளும் கலந்திருக்கும்; பழைய சூயிங்கம் அதிலிருந்து செய்யப்பட்டது, அதற்காக மெக்சிகோக் காடுகளில் அடிமரத்தில் கோணல்மாணலாக வெட்டுப்போட்டுப் பால் வடித்தார்கள். இவ்வளவு இருந்தும் கித்தாவுக்கும் இவற்றுக்கும் உறவில்லை. பால் சுரக்கும் திறன் தாவர உலகில் பலமுறை தனித்தனியே தோன்றியிருக்கிறது.

எபனேசியே குடும்பத்தில் டயோஸ்பைரஸ் என்ற ஒரு பேரினமே 700க்கும் மேற்பட்ட இனங்களோடு குடும்பத்தின் பெரும்பகுதியை நிரப்புகிறது. இப்போது மாலையாகக் கோத்து விற்கப்படும் கருங்காலி, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் அதன் ஓர் இனம். சீனப் புத்தாண்டுக் காலத்தில் கடைகளில் குவியும் பீசாங் காக்கி (பெர்சிமன் பழம்) இன்னொன்று. பழத்தின் தலையில் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும் புல்லிவட்டம்தான் இக்குடும்பத்தின் கைநாட்டு. மழைக்காட்டின் நடுத்தட்டில் நிற்கும் கரிய பட்டை மரங்களில் டயோஸ்பைரஸ் இனங்கள் பல என்பதால், காட்டுக்குள் நுழைந்தவர் அறியாமலேயே இவ்வரிசையின் நிழலில் நடந்திருப்பார்.

காசித்தும்பையின் கதை வேறு. அதன் பால்சமினேசியே குடும்பத்தில் ஹைட்ரோசெரா என்ற ஒற்றை இனத்தை நீக்கினால் மீதி அனைத்தும் இம்பேஷன்ஸ் பேரினமே. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. புல்லிகளில் ஒன்று பை போல் விரிந்து, பின்னால் தேன் நிறைந்த முள் போல நீள்கிறது; முதிர்ந்த காய் தொட்டதும் சுருண்டு வெடித்து விதைகளை எறிகிறது. லயத்து வாசலில் அந்தக் காய்களை வெடிக்கவைத்து விளையாடாத பிள்ளைகள் குறைவு. கேமரன் மலையில் மஞ்சள் பூப்பூக்கும் இம்பேஷன்ஸ் ஆன்சிடியாய்டிஸ் அம்மலைக்கே உரியது; அங்கே சாலையோரம் முழுவதும் இளஞ்சிவப்பாகப் படர்ந்திருப்பது கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து காட்டுச்செடியாகிவிட்ட வேறோர் இனம். லங்காவியின் சுண்ணாம்புக் குன்றுகளில் அடித்தண்டு பருத்து மரம்போல் நிற்கும் இம்பேஷன்ஸ் மிராபிலிஸ் என்ற இனமும் உண்டு. மரபணு ஆய்வுகளில் இந்தக் குடும்பமும், இதற்கு எவ்விதத்திலும் ஒப்பாகத் தோன்றாத இரண்டு குடும்பங்களும் ஒன்றாகச் சேர்ந்து, வரிசையின் மற்ற அனைத்துக்கும் முன்பே பிரிந்த கிளையாக அமைகின்றன. அந்த இரண்டில் ஒன்றைச் சேர்ந்ததுதான் நம் கரிச்சதுப்புக் காட்டில் வெட்டப்படும் பூனா மரம். வெடிக்கும் காய்ச் செடிக்கும் சதுப்புநிலப் பெருமரத்துக்கும் உள்ள இந்த உறவைப் பூவைப் பார்த்து யாரும் ஊகித்திருக்க முடியாது.

நாகலிங்கம் லெசித்திடேசியே குடும்பம். சிவன் கோயிலோடு இவ்வளவு ஒன்றிவிட்ட அந்த மரம் தென் அமெரிக்காவின் வடபகுதியிலிருந்து வந்தது. தாவரவியலில் 1775இல் பெயரிடப்பட்டது. பூவின் நடுவில் இலிங்கமாகத் தெரிவது சூலகத்தைச் சுற்றி வளையமாக நிற்கும் மகரந்தத் தாள்கள். படமெடுத்த நாகமாகத் தெரிவது ஒருபக்கம் நீண்டு வளைந்து கவிந்த மற்றொரு தாள்கூட்டம். இந்தக் கவிகையில் உள்ள மகரந்தம் முளைக்காது. அது வண்டுக்கு உணவு. வண்டு அதைத் தின்னும்போது கீழே உள்ள வளையத்தின் முளைக்கும் மகரந்தம் அதன் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. பிரேசில் கொட்டையும் இக்குடும்பம்தான். நம் ஆற்றங்கரைகளில் தொங்கும் சரங்களாகப் பூத்து, இரவில் மலர்ந்து, விடியுமுன் தரையில் உதிர்ந்து கிடக்கும் புத்தாட் மரமும் இக்குடும்பமே. அதன் பஞ்சு போன்ற தாள்களைப் பார்த்தால் ஜம்புப் பூ நினைவுக்கு வருவது இயல்பு. பழைய தாவரவியலாரும் அந்த ஒற்றுமையை நம்பி இக்குடும்பத்தை ஜம்புவின் பக்கத்தில்தான் வைத்திருந்தார்கள்.

பிரிமுலேசியே குடும்பம் மித வெப்ப நாடுகளில் பூச்செடிகளாகப் பெயர்பெற்றது. 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தில், வெப்பநாட்டு மரங்களும் புதர்களும் நிறைந்த மிர்சினேசியேயும் வேறு சில குடும்பங்களும் இதற்குள் இணைக்கப்பட்டதால் இதன் உருவமே மாறிவிட்டது. நாட்டுமருந்துக் கடையின் வாய்விளங்கமும், பெண்களுக்கான மூலிகையாக விற்கப்படும் காச்சிப் ஃபாத்திமாவும், கோலா சிலாங்கூர் போன்ற கரையோரச் சதுப்பில் இலைவழியே உப்பை வெளியேற்றி வாழும் ஏஜிசெராஸ் என்ற கண்டல் செடியும் இப்போது ஒரே குடும்பம். இதழுக்கு நேர் எதிரே மகரந்தத் தாள் நிற்பது இதன் தடயம். வழக்கமாக மற்றப் பூக்களில் இரண்டு இதழ்களுக்கு இடையில்தான் தாள் நிற்கும்.

சாம்பிராணியைப் பற்றி ஒரு வரி. மலாயில் கெமெஞான் எனப்படும் பிசின் ஸ்டைராக்ஸ் பென்சாயின் மரத்தின் பட்டையைக் காயப்படுத்தி எடுக்கப்படுவது. சுமத்ரா அதன் பழைய வணிகக் களம். பென்சாயிக் அமிலத்துக்கு இந்தப் பிசினிலிருந்தே பெயர் வந்தது. 1833இல் அந்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சூடாக்கிப் பெற்ற நீர்மமே பென்சீன். நீங்கள் வேதியியல் வகுப்பில் வரையும் அறுகோணம் ஒருவகையில் வெள்ளிக்கிழமைப் புகையிலிருந்து வந்தது.

மலை ஏறினால் தேயிலை. 1929இல் தொடங்கப்பட்ட போ (BOH) தேயிலைத் தோட்டத்தை எல்லாருக்கும் தெரியும். ஆனால் தேயிலைப் பூவைப் பார்த்தவர்கள் தோட்டத்துக்கு வெளியே குறைவு. கொழுந்துக்காகத் தொடர்ந்து கவாத்து செய்வதால்தான் அது புதராக நிற்கிறது. விட்டுவிட்டால் மரமாகும், வெள்ளை இதழ்களின் நடுவே மஞ்சள் தாள்கள் நிறைந்த பூக்களைத் தரும். 1753இல் லின்னேயஸ் அதற்குத் தேயா என்று தனிப் பேரினம் கொடுத்தார். அழகுச்செடியான கேமலியாவிலிருந்து அதைப் பிரிக்க முடியாது என்று பின்னர் தெளிவாகி, 1887இல் கேமலியா சைனென்சிஸ் ஆயிற்று. நெடுங்காலம் தேயிலையின் தியேசியே குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த சில மரங்களும் இப்போது வெளியேற்றப்பட்டுவிட்டன. வளமிழந்த மண்ணில் மீண்டும் முளைக்கும் இளங்காட்டில் மலிந்து காணப்படும் தியூப்-தியூப் மரம் அவற்றில் ஒன்று. அது பென்டாபிலக்கேசியே என்ற குடும்பத்துக்கு மாறியிருக்கிறது. அமிலமண்ணை விரும்புவது தேயிலைக்கும் ஹெதருக்கும் பொது என்பதைக் கண்டு அதுவே வரிசையின் இலக்கணம் என்று எழுதிவிடாதீர்கள். உப்புச்சேற்றில் வாழும் ஏஜிசெராஸ் அதை உடனே பொய்யாக்கிவிடும்.

வரிசைக்குப் பெயர் தந்த எரிக்கேசியே குடும்பத்தை நேரில் பார்க்க, பிரிஞ்சாங் மலையுச்சியின் பாசிக்காட்டுக்குப் போகவேண்டும். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், எப்போதும் மேகம் தொட்டுக்கொண்டிருக்கும் குள்ள மரங்களுக்கிடையே ரோடோடென்ரான்களும், புளூபெரியின் பேரினமான வாக்சினியமும் வளர்கின்றன. பல இனங்கள் தரையைவிட்டு மரக்கிளைகளில் தொற்றி நிற்கும். 4,000க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட இக்குடும்பமே வரிசையில் மிகப் பெரியது. ஆயிரம் இனங்களைத் தாண்டும் ரோடோடென்ரானில், தென்கிழக்காசிய வெப்பமலைகளுக்கு உரிய வைரேயா பிரிவு மட்டுமே ஏறத்தாழ 300 இனங்கள் கொண்டது. அதன் நுண்விதைகளுக்கு இரு முனைகளிலும் வால் உண்டு. காற்றில் மிதந்து கிளைப்பாசியில் சிக்கிக்கொள்ள அது உதவுகிறது. நீலகிரியில் சிவப்பாகப் பூத்துக்குலுங்கும் காட்டுப்பூவரசும் ஒரு ரோடோடென்ரானே.

ஒரு பூ கிடைத்தால் மகரந்தப் பையைக் கவனியுங்கள். மற்றப் பூக்களில் அது நீளவாக்கில் கிழிந்து திறக்கும். இங்கே நுனியில் இரண்டு துளைகள் மட்டும் இருக்கும். மகரந்தம் நான்கு நான்காக ஒட்டிக்கொண்டு வெளிவரும். வேரைப் பற்றியும் சொல்ல வேண்டும்: இக்குடும்பத்துச் செடிகள் பலவற்றின் மயிரிழை போன்ற வேர்களுக்குள் ஒருவகைப் பூஞ்சை குடிபுகுந்து, மக்காத இலைதழையில் பூட்டிக்கிடக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொடுக்கிறது. ஸ்காட்லாந்தின் கரிமண்ணிலும் நம் பாசிக்காட்டின் புளித்த மண்ணிலும் ஒரே குடும்பம் செழிப்பது இந்தக் கூட்டுறவால்தான்.

உண்மையான ஹெதர், அதாவது கல்லூனா வல்காரிஸ், நம் நாட்டில் இயற்கையாக வளர்வதில்லை. அதன் உறவான எரிக்கா பேரினத்தின் 800க்கும் மேற்பட்ட இனங்களில் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் உள்ளன. நாற்றுக்கடைகளில் ஹெதர் என்று விற்கும் ஊதாப்பூச் சிறுசெடி மருதாணிக் குடும்பத்தின் கூஃபியா. அதுபோலவே, வெள்ளைக்காரத் துரைமார் ரோடோடென்ரான் என்று பெயர் வைத்துவிட்ட செண்டுடுக், செம்பனைத் தோட்ட ஓரங்களில் ஊதாப் பூக்களோடு நின்று, பழம் தின்ற பிள்ளைகளின் நாக்கைக் கறுப்பாக்கும் அந்தச் செடி, ஜம்புவின் வரிசையைச் சேர்ந்தது.

மாணவர்களை மலைக்கு அழைத்துச் செல்லும்போது அதிகம் குழப்பம் நேர்வது பெரியூக் கெரா என்னும் நம் ஊர்க் குடுவைச் செடியில். பாசிக்காட்டில் ரோடோடென்ரானுக்குப் பக்கத்திலேயே அது தொங்குவதாலும், அமெரிக்கக் குடுவைச் செடியான சர்ராசீனியா எரிக்கேல்ஸ் வரிசை என்று நூலில் படித்திருப்பதாலும், இதையும் அதில் சேர்த்துவிடுகிறார்கள். கிரான்குவிஸ்டும் இரண்டையும் ஒரே வரிசையில்தான் வைத்தார். மரபணுச் சான்றின்படி பெரியூக் கெரா கள்ளி, டிராகன் பழம், முளைக்கீரை ஆகியவை உள்ள வரிசையைச் சேர்ந்தது. பூச்சியைப் பிடிக்கும் குடுவை இந்த இரு வரிசைகளிலும் தனித்தனியே உருவாகியிருக்கிறது. சர்ராசீனியாவின் மெய்யான உறவினர் யார் தெரியுமா? கிவிப் பழம். சீனாவிலிருந்து 1904இல் விதையாக நியூசிலாந்துக்குப் போன அந்தக் கொடியின் குடும்பமும், சர்ராசீனியாவின் குடும்பமும், தென்னாப்பிரிக்காவில் பிசினால் பூச்சியை ஒட்டவைக்கும் ரோரிடுலாவின் குடும்பமும் ஒரே உட்கிளை. அது ஹெதர் குடும்பத்துக்கு மிக அருகில் நிற்கிறது. ரோரிடுலா பிடித்த பூச்சியைத் தானே செரிப்பதில்லை. அதன்மேல் வாழும் ஒரு மூட்டைப்பூச்சி வகை இரையை உறிஞ்சித் தின்று கழிப்பதைச் செடி இலைவழியே உரமாக எடுத்துக்கொள்கிறது.

இதே வகைக் குழப்பத்தின் இன்னொரு வடிவம் ஒட்டுண்ணிகளில் நடந்தது. இலையும் பச்சையமும் இல்லாமல், ஓக், பெராங்கான் குடும்பத்து மரங்களின் வேரில் வாழ்ந்து, பூவை மட்டும் மண்ணுக்கு மேலே காட்டும் மித்ரஸ்டெமோன் என்ற செடி கினபாலு மலையிலும் உண்டு. அதை ரஃப்ளேசியாவோடு சேர்த்தே எண்ணினார்கள். மரபணு ஆய்வு இரண்டையும் பிரித்தது: மித்ரஸ்டெமோன் தேயிலையின் வரிசைக்கு வந்தது, பேராக் காடுகளிலும் பூக்கும் ரஃப்ளேசியாவோ கித்தாவின் வரிசைக்குப் போனது, அதிலும் கித்தா குடும்பத்துக்கு மிக நெருங்கிய உறவாக.

மற்றக் குடும்பங்களைத் தேர்வுக்காகப் பெயரளவில் அறிந்தால் போதும்: தோட்டங்களில் ஃபுளாக்ஸ் பூவால் அறியப்படும் பொலிமோனியேசியே, மெக்சிகோப் பாலைநிலத்தில் முட்கோலாக நிற்கும் ஃபூக்கியெரியேசியே, குளிர்நாட்டு டயப்பென்சியேசியே, உடலில் அலுமினியத்தைச் சேர்த்து வைப்பதால் சாயத்தொழிலில் நிறத்தைப் பிடிக்கவைக்கப் பயன்பட்ட சிம்புளோக்கேசியே. எஞ்சியவை சிறியவை.

கடைசியாக, கிளைப்படங்கள் ஏன் மாறுபடுகின்றன என்ற கேள்வி. காசித்தும்பைக் கூட்டம் முதலில் பிரிந்தது, சர்ராசீனியா–கிவிக் கூட்டம் ஹெதர் குடும்பத்துக்கு அருகில் நிற்பது ஆகியவை பெரும்பாலான ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கிடைப்பதால் உங்கள் இரு நூல்களிலும் அவை ஒத்திருக்கும். மாறுபடுவது நடுவில் உள்ள கிளைகள், குறிப்பாகத் தேயிலைக் குடும்பத்தின் இடமும் நாகலிங்கக் குடும்பத்தின் இடமும். மேலே சொன்ன அந்தக் குறுகிய பிரிவுக்காலமே இதற்கும் காரணம்: இரண்டு பிரிவுகளுக்கு இடையே காலம் குறைவாக இருந்தால் அதில் சேரும் மரபணு மாற்றங்களும் குறைவு, பசுங்கணிக மரபணுவைக் கொண்டு வரைந்த படமும் உட்கரு மரபணுக்களைக் கொண்டு வரைந்த படமும் வெவ்வேறு விடை தரக்கூடும். தேர்வில் படம் வரையச் சொன்னால், உறுதியான கிளைகளைப் பிரித்துக் காட்டிவிட்டு, நடுக்கிளைகளை ஒரே புள்ளியிலிருந்து விரியுமாறு வரையுங்கள். தாவரவியலாரும் தீர்வு எட்டாத இடத்தை அப்படித்தான் வரைகிறார்கள்.